பிள்ளைகளுக்கு யார் கதை சொல்வது?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், மஃரிபுத் தொழுகைக்குப் பின்னர் ஆற்றிய மார்க்கச் சொற்பொழிவு)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமத்தைக் கொண்டு துவங்குகிறேன்.

  

சென்ற மாதக் கூட்டம் கலைந்த பின்னர், வாசலில் செருப்பு மாட்டிக் கொண்டிருந்த என்னிடம் நமது அங்கத்தினர் ஒருவர் வந்தார். அவருடைய மகனுக்கு 14 வயது. "நானா, பையன் எந்நேரமும் படம் பார்க்கிறான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது படமும் பார்ப்பதில்லை, என்னோடு பேசுவதுமில்லை. நான் செய்தது சரியா, தப்பா?" என்று கேட்டார்.

அன்று அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. "இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்தில் பேசுவோம்" என்று நழுவிவிட்டேன். காரணம், என் வீட்டு அலமாரியிலும் ஒரு காலத்தில் அதே பூட்டுத் தொங்கியது. அந்தக் கதையையும் மறைக்காமல் இன்று சொல்லுகிறேன். அதற்கு முன்னர், மார்க்கம் இவ்விஷயத்தில் நமக்கு என்ன வழி காட்டியிருக்கிறது என்பதைச் சிந்திப்போம்.

கதை நமக்குப் புதிதன்று

கதை என்றாலே பொய், வீண் பொழுதுபோக்கு, மார்க்கத்துக்குப் புறம்பானது என்று எண்ணுவோர் நம்மிலே உண்டு. நம் முன்னோர் அவ்வாறு எண்ணியவர்கள் அல்லர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் தீனைக் கற்றுக்கொண்டதில் கதைக்குப் பெரும் பங்குண்டு. இஸ்லாமியத் தமிழ் நூல்களில் முழுமையாக நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையதாகிய ஆயிரம் மசலா 1572இல் அரங்கேறியது. அது கேள்வியும் பதிலுமாக அமைந்த நூல். 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் 5,000க்கு மேற்பட்ட செய்யுள்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைச் சீறாப்புராணமாகப் பாடினார். கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து என்று பல இலக்கிய வகைகளை நம்மவர் வளர்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில்கூட அவை செவிவழியாகப் புழங்கின.

என் உம்மம்மா ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாதவர். ஆயினும் இஷாவுக்குப் பிறகு எங்களைப் பாயில் உட்கார வைத்து நபிமார்களின் கிஸ்ஸாக்களை ராகம் போட்டுச் சொல்லுவார். இப்ராஹீம் நபி (அலை) அவர்களை நெருப்பிலே எறியக் கொண்டுபோகிற கட்டம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்று எங்களில் ஒருவரைப் பார்த்துக் கேட்பார். நாங்கள் விழிப்போம். என்ன பதில் சொன்னாலும் திட்டமாட்டார். "சரி, நபி என்ன செஞ்சாங்கன்னு பாப்போம்" என்று மேலே தொடருவார். அந்த ஒரு கேள்வியிலே எவ்வளவு பெரிய கல்வி அடங்கியிருந்தது என்பது எனக்கு 40 வயதுக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

இன்று அந்தப் பாய் எங்கே? அந்த உம்மம்மா எங்கே? உம்மாவும் வாப்பாவும் வேலை முடிந்து வீடு வந்து சேரும்போது இரவு ஆகிவிடுகிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கதை சொல்பவரின் இடம் காலியாகக் கிடக்கவில்லை. நாம் எழுந்துபோன இடத்தில் வேறொருவர் வந்து அமர்ந்துவிட்டார். அவர் நம் பிள்ளையின் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கிறார். இரவு பகல் பாராமல் கதை சொல்லுகிறார். நடுவிலே நிறுத்தி "நீயாக இருந்தால்?" என்று மட்டும் அவர் கேட்பதில்லை. ஒன்று முடியுமுன் அடுத்ததை ஆரம்பித்துவிடுகிறார்.

ஆகவே, பிள்ளை கதை கேட்கலாமா, கூடாதா என்பது இப்போது கேள்வியன்று. அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். யார் சொல்லக் கேட்கிறான், யார் பக்கத்தில் இருக்கக் கேட்கிறான் என்பதே கேள்வி.

மிக அழகிய வரலாறு

அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் எத்தனையோ வரலாறுகளை எடுத்துரைக்கிறான். அவற்றுள் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றையே மிக அழகிய வரலாறு என்று சிறப்பித்துத் தொடங்குகிறான். 111 வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயம் ஏறக்குறைய முழுவதும் ஒரே கதை. அதில் என்னென்ன வருகின்றன? சகோதரர்களின் பொறாமை வருகிறது. சிறுவனைக் கிணற்றில் தள்ளும் கொடுமை வருகிறது. தந்தையிடம் கூறும் பொய், இரத்தம் பூசிய சட்டை, அடிமைச் சந்தை, பூட்டிய கதவுக்குப் பின்னால் வந்த சோதனை, அபாண்டமான பழி, சிறைச்சாலை எல்லாம் வருகின்றன.

நம்மிலே ஒருவரிடம் இந்தக் கதையின் சுருக்கத்தை மட்டும் காட்டி, "இதைப் பருவ வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டால், "வேண்டாம், கெட்டுப் போவார்கள்" என்றுதான் சொல்லுவோம்! ஆனால் இறைவன் அதனை மறைக்கவில்லை. தீமையே இல்லாத உலகம் ஒன்றைப் படைத்துக் காட்டி நம்மை ஏமாற்றவில்லை. அதே சமயம் தீமையை அலங்கரித்துக் காட்டவும் இல்லை. கதவு அடைக்கப்பட்டது என்று சொல்லுகிற இடத்தில், கேட்பவர் உள்ளம் இச்சையின் பக்கம் சாயாமல், இறைவனை நினைத்து விலகி ஓடுகிற இளைஞரின் பக்கமே சாய்கிறது. இதுதான் ஹயா என்னும் வெட்க உணர்வோடு கதை சொல்லும் முறை.

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு கதையிலோ படத்திலோ பாவம் இடம் பெறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பாவத்தின் பால் நம் உள்ளத்தை அது ஈர்க்கிறதா, விலக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பி.ஜி. 13, என்.சி. 16 என்று சிங்கப்பூரில் படங்களுக்கு வயது வரம்பு குறிக்கிறார்கள். அது பயனுள்ள எச்சரிக்கை. ஆனால் எந்த வயதினர் பார்க்கலாம் என்பதைத்தான் அந்த முத்திரை சொல்லும். பார்த்தபின் பிள்ளையின் உள்ளத்தில் என்ன தங்கும் என்பதை அது சொல்லாது. அதைப் பார்ப்பது பெற்றோரின் பொறுப்பு.

அந்த அத்தியாயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அக்கதையின் முதல் காட்சி எது? ஒரு மகன் தன் தந்தையிடம் வருகிறான். தான் கண்ட கனவைச் சொல்லுகிறான். தந்தை அதைக் காது கொடுத்துக் கேட்கிறார். சிறுபிள்ளை உளறல் என்று தள்ளவில்லை. அந்தக் கனவிலுள்ள மேன்மையையும் அதனால் வரக்கூடிய ஆபத்தையும் எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறார். மிக அழகிய வரலாறு என்று இறைவன் சொன்ன கதை, மகன் பேச, வாப்பா கேட்பதில் ஆரம்பமாகிறது! நம் மகன் கண்ட கனவை நம்மிடம் சொல்லுகிறானா? இந்தக் கேள்வியை ஒவ்வொரு தந்தையும் தன்னைத் தானே கேட்டுக் கொள்ளட்டும்.

எழுதுகோல் எழுதத் தொடங்கும் வயது

சகோதரர்களே! பிள்ளை பாலிகாகும்வரை, அதாவது பருவம் எய்தும்வரை, அவன் செயல்களைப் பதியும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பருவம் எய்திய நாளிலிருந்து அது எழுதத் தொடங்குகிறது. அன்று முதல் அவன் தொழுகை அவன் கணக்கு. அவன் பொய்யும் அவன் கணக்கு. வாப்பா அவனுக்காகப் பதில் சொல்ல முடியாது.

ஆறு வயதுப் பிள்ளையிடம் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்றால் போதும். 14 வயதுப் பிள்ளைக்கு அது போதாது. நாம் இல்லாத இடத்தில், நண்பர்கள் சூழ்ந்த இடத்தில், கையில் கைப்பேசியோடு தனித்திருக்கும் அறையில், நன்மை எது தீமை எது என்று அவனே தீர்மானிக்க வேண்டும். அதற்கு அவன் எங்கே பழகுவது? சொந்த வாழ்க்கையில் தப்புச் செய்து பழகினால் காயம் பெரிது. கதையோ பழகுவதற்கு ஏற்ற களம். கதையில் வருகிறவன் திருடினால் நம் பிள்ளையின் கை அழுக்காவதில்லை. ஆனால் திருட்டு எவ்வாறு ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அவன் கண்டுகொள்ளுகிறான். "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பே?" என்ற உம்மம்மாவின் கேள்வி, எழுதுகோல் எழுதத் தொடங்குமுன் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி.

"அருகே வா"

வாலிபர்களிடம் எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு ஹதீது நூல்களில் ஒரு சம்பவம் உண்டு. இமாம் அஹ்மது (ரஹ்) அவர்கள் தமது முஸ்னதில் பதிந்திருக்கிறார்கள். ஒரு வாலிபர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபைக்கு வந்து, விபசாரம் செய்யத் தமக்கு அனுமதி தருமாறு கேட்டார். சபையோர் அவரை அதட்டினார்கள். நபிகள் நாயகமோ (ஸல்) அவரைத் தம் அருகில் வரச் சொன்னார்கள். அவர் வந்து அமர்ந்தார். "உன் தாயாருக்கு இது நேருவதை நீ விரும்புவாயா?" என்ற கருத்தில் வினவினார்கள். வாலிபர் மாட்டேன் என்றார். மகளுக்கு? சகோதரிக்கு? தந்தையின் சகோதரிக்கு? தாயின் சகோதரிக்கு? ஒவ்வொரு கேள்விக்கும் அவரே மறுத்தார். மற்ற மக்களும் தங்கள் பெண்களுக்கு அதை விரும்புவதில்லை என்பதை நபிகள் நாயகம் (ஸல்) உணர்த்தினார்கள். பின்னர் அவர்மீது கையை வைத்து, அவருடைய பாவம் மன்னிக்கப்படவும், உள்ளம் தூய்மை பெறவும், கற்பு காக்கப்படவும் துஆச் செய்தார்கள். அதன்பின் அந்த வாலிபர் அத்தகைய எதன் பக்கமும் திரும்பவில்லை என்று அறிவிக்கப்படுகிறது.

இதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அருகே அழைத்தது. இரண்டாவது, தீர்ப்பைத் தாம் சொல்லாமல் கேள்வி கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைத்தது. மூன்றாவது, அவருக்காகத் துஆச் செய்தது. நாம் செய்வது என்ன? சபையோர் செய்ததைச் செய்கிறோம். அதட்டுகிறோம், பூட்டுகிறோம்.

படம் பார்ப்பது கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. வெட்கத்தைக் கெடுக்கும் காட்சிகளும், தொழுகையை மறக்கடிக்கும் பொழுதுபோக்கும் கூடா என்பதில் வேற்றுமையே இல்லை. பேணுதலுக்காகப் படமே வேண்டாம் என்று வீட்டில் ஒதுக்கி வைத்திருப்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் கதையால் அந்த இடத்தை நிரப்பட்டும். ஆனால் 2021 முதல் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் படிப்புக்கென்றே ஒரு கணினிச் சாதனம் இருந்து வருகிறது. பூட்டுப் போட நம்மிடம் எத்தனை அலமாரி இருக்கிறது?

ஒரு சீனிக் கட்டி

நமது மண்ணிலேயே நல்ல படங்கள் தோன்றியுள்ளன. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த படப்பிடிப்பு நிலையத்தில் 1956இல் உருவான 'அனாக்கு சசாலி' என்னும் மலாய்ப் படத்தைப் பெரியவர்கள் பலர் அறிவார்கள். 'என் மகன் சசாலி' என்பது பொருள். இந்தியாவிலிருந்து வந்த ஃபணி மஜும்தார் இயக்கியது. தந்தையாகவும் மகனாகவும் பி. ராம்லியே நடித்து, 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்றார். தாயில்லாப் பிள்ளை என்று தந்தை அளவு மீறிச் செல்லம் கொடுக்கிறார். மகன் குற்றவாளியாக வளருகிறான். இறுதியில் தந்தையே காவல் துறைக்குத் தகவல் கொடுக்க நேருகிறது. அது பிள்ளைகளைவிடப் பெற்றோருக்கே பாடம்.

நான் இன்று விரித்துச் சொல்ல விரும்புவது வேறொரு படம். ஈரான் நாட்டு மஜீத் மஜீதி 1997இல் எடுத்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. அதைத் தழுவி 2003இல் சிங்கப்பூரில் 'ஹோம்ரன்' என்ற படமும், தமிழில் 2022இல் 'அக்கா குருவி'யும் வெளிவந்தன. மிகச் சிறிய கதை. அலி என்னும் சிறுவன், தைத்து வாங்கிய தன் தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தொலைத்துவிடுகிறான். வாப்பா கூலி வேலை செய்பவர், உம்மா நோயாளி. புதுச் சப்பாத்து வாங்க வீட்டில் பணமில்லை. ஆகையால் அண்ணனும் தங்கையும் அலியின் ஒரே ஜோடிச் சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். தங்கை காலையில், அண்ணன் மத்தியானம்.

ஒரு நாள் ஸஹ்ரா தன் சப்பாத்தை இன்னொரு மாணவியின் காலிலே பார்த்துவிடுகிறாள். இருவரும் அந்தப் பெண்ணின் வீடுவரை பின்தொடர்ந்து போகிறார்கள். அங்கே அவளுடைய தந்தையைப் பார்க்கிறார்கள். அவருக்குக் கண் தெரியாது. பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஏழைப் பிள்ளைகள், தங்களைவிட எளிய வீட்டைக் கண்டதும், தங்கள் உரிமையைக் கேட்கவும் மனமில்லாமல் திரும்புகிறார்கள். ஈகையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் அந்த மௌனம் சொல்வதைச் சொல்ல முடியுமா?

இனி என் கதைக்கு வருகிறேன். என் மகனுக்கும் அப்போது 14 வயது. கைப்பேசியைப் பிடுங்கிப் பூட்டினேன். மாதக்கணக்கில் "சாப்பிட்டாயா?", "சாப்பிட்டேன்" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். ஒரு பள்ளி விடுமுறையில், "வா, ஒரு படம் பார்ப்போம்" என்று நானே கூப்பிட்டேன். சந்தேகத்தோடு வந்து, பாயின் மறுகோடியில் உட்கார்ந்தான். பார்த்தது இந்தப் படம்தான்.

முடிந்ததும், என் உம்மம்மா நினைவுக்கு வந்தார். "உனக்கு எந்த இடம் மனசுல நின்னுச்சு?" என்று கேட்டேன். ஓட்டப் பந்தயத்தைச் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். மூன்றாவதாக வருபவருக்குச் சப்பாத்து பரிசு என்பதற்காகவே ஓடி, தவறிப்போய் முதலாவதாக வந்து அலி கலங்கும் காட்சி அது. என் மகன் அதைச் சொல்லவில்லை.

"அந்தச் சீனி" என்றான்.

படத்தின் ஆரம்பத்திலே ஒரு சிறு காட்சி. அலியின் வாப்பா பள்ளிவாசலுக்கு வேண்டிய சீனிக் கட்டிகளை வீட்டிலே உடைத்துக் கொண்டிருக்கிறார். மகள் அவருக்குத் தேநீர் கொண்டு வருகிறாள். சீனி எங்கே என்று கேட்கிறார். உங்கள் முன்னால் இவ்வளவு சீனி இருக்கிறதே என்கிறாள் மகள். அது பள்ளிவாசலுக்கு உரியது, நம்மிடம் நம்பிக் கொடுத்தது என்று அவர் விளக்குகிறார். சுற்றிலும் குவியல் குவியலாகச் சீனி. அதில் ஒரு கட்டியை அவர் தொடவில்லை.

"ஆமா மகனே, அதுதான் அமானிதம்" என்று நான் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டான்: "வாப்பா, நான் கணக்குப் போடுற காகிதமெல்லாம் நீங்க ஆபீஸ்லேருந்து கொண்டு வந்ததுதானே? அது யாரோட சீனி?"

சகோதரர்களே! எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "எல்லாரும் செய்யறதுதானேடா! ஒரு கட்டுக் காகிதத்தாலே கம்பெனி அழிஞ்சு போயிடுமா?" என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அந்த நேரத்தில் அல்லாஹ் எனக்குக் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களை நினைவுபடுத்தினான்.

கண்ணிழந்த தந்தையும் கைபிடித்த மகனும்

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு. கடும் வெயில் காலம். கனிகள் பழுத்து நிழல் இனிக்கும் வேளை. தபூக் போருக்குப் புறப்படுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அழைப்பு விடுத்தார்கள். கஅப் (ரலி) அவர்களிடம் அந்தச் சமயத்தில் வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் இன்று ஆயத்தம் செய்வோம், நாளை செய்வோம் என்று தள்ளிப் போட்டார்கள். படை போய்விட்டது, அவர்கள் பின்தங்கிவிட்டார்கள்.

படை திரும்பியதும், பின்தங்கியவர்களில் எண்பதுக்கு மேற்பட்டோர் வந்து ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். சத்தியமும் செய்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, அவர்கள் உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். கஅப் (ரலி) நாவன்மை மிக்க கவிஞர். சாக்குச் சொல்லத் தெரியாதவரா? ஆனாலும் தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குக் கிடைத்தது உடனடிப் பாராட்டா? இல்லை. 50 நாட்கள் அவரோடும், அவரைப் போன்று உண்மை சொன்ன மற்ற இருவரோடும் மதீனாவில் ஒருவரும் பேசவில்லை. தம் நெருங்கிய உறவினரான அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரில் ஏறி ஸலாம் சொன்னார்கள். பதில் ஸலாம் வரவில்லை. அந்த வேளை பார்த்து ஃகஸ்ஸான் அரசன் ஆசை காட்டிக் கடிதம் அனுப்பினான். அதை அடுப்பிலே போட்டு எரித்தார்கள். ஐம்பதாம் நாள் சுபுஹுக்குப் பின், மலைமீதிருந்து ஒரு குரல் நற்செய்தி கூறிற்று. அல்லாஹ் அவர்களுடைய தவ்பாவை ஏற்றுக்கொண்டான். அத்தவ்பா என்னும் அத்தியாயத்தில் அந்த மூவரின் செய்தி இன்றும் ஓதப்படுகிறது.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த செய்தி. இந்த வரலாறு நமக்கு எப்படிக் கிடைத்தது? கஅப் (ரலி) முதுமையில் பார்வை இழந்தபோது, அவர்களைக் கைபிடித்து அழைத்துச் செல்லுபவராக மகன் அப்துல்லாஹ் இருந்தார். தந்தை தம் வாயாலேயே சொல்ல, அந்த மகன் கேட்டு அறிவித்ததுதான் புகாரியிலும் முஸ்லிமிலும் நீண்ட ஹதீதாகப் பதிவாகியிருக்கிறது. எண்ணிப் பாருங்கள்! ஒரு தந்தை தன் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய தவற்றை, அணுவளவும் குறைக்காமல், தன் சோம்பலையும் அழுகையையும் தனிமையையும் சேர்த்து மகனிடம் சொல்லுகிறார். அதனால் அவருடைய மதிப்புக் குறைந்ததா? மகன் கையை உதறிவிட்டுப் போனாரா? அந்தக் கதையை உலகம் முடியும்வரை நிலைக்கும்படி ஒப்படைத்துவிட்டல்லவா போனார்!

நாம் பிள்ளைகளிடம் எந்தக் கதைகளைச் சொல்லுகிறோம்? "நான் வெறுங்கையோடு கப்பலேறி வந்தேன்; நான் தெரு விளக்கில் படித்தேன்; நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை" என்று வெற்றிக் கதைகளையே சொல்லுகிறோம். பிள்ளைக்கு அவை சலிப்பூட்டுகின்றன. அவன் நாள்தோறும் தவறுகிறான். தவறியவன் எப்படி எழுந்திருப்பது என்ற கதைதான் அவனுக்கு வேண்டும். அதை நாம் சொல்லாவிட்டால், தவற்றையே வீரமாகக் காட்டுகிற கதையைத் தேடி அவன் போய்விடுவான்.

அன்றிரவு அந்த எண்பது பேரின் சாக்கும் என் நாவிலேயே வந்து நின்றது. விழுங்கினேன். "தப்புத்தான் மகனே. அது என்னோட சீனி இல்லே" என்றேன். மறுநாள் மிச்சமிருந்த காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். செலவழித்ததற்கு விலையும் கொடுத்தேன். அவர் சிரித்தார். "இதற்காகவா?" என்றார். என் காது மடல் எரிந்தது. வீட்டுக்கு வந்து அதையும் மகனிடம் சொன்னேன். அலமாரியைத் திறந்து கைப்பேசியையும் எடுத்துக் கொடுத்தேன். எந்நேரத்தில் பார்ப்பது, எந்நேரத்தில் வைப்பது என்று இருவருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம்.

சில நாள் கழித்து ஓரிரவு, இஷா தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநாள் மறைத்து வைத்திருந்த ஒரு காரியத்தைச் சொன்னான். அது என்ன என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது என்னிடம் அவன் வைத்த அமானிதம்.

நாம் செய்யக்கூடியவை

கேள்வி கேட்ட சகோதரருக்கு இப்போது என் பதிலைச் சொல்லுகிறேன். பூட்டியது பாவமன்று. பூட்டிவிட்டு நீங்களும் எழுந்து போனதுதான் பிழை. என் பிழையும் அதுவே.

வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். தொழுகை நேரத்துக்கு இடையூறு வராத வேளையாகப் பாருங்கள். ஒரு வாரம் குர்ஆனிலிருந்தோ ஹதீதிலிருந்தோ ஒரு வரலாறு. மறுவாரம் ஒரு நல்ல படம் அல்லது நாவல். குகையில் தஞ்சம் புகுந்த இளைஞர்களின் வரலாறு கஹ்ஃபு அத்தியாயத்தில் இருக்கிறது. தாகித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்து மன்னிப்புப் பெற்றவரின் சம்பவம் ஹதீதில் இருக்கிறது. படமானால் முன்கூட்டியே நீங்கள் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நடுவிலே நிறுத்தி நிறுத்திப் பாடம் நடத்தாதீர்கள், கதை செத்துவிடும். முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் எதுவானாலும் அதட்டாதீர்கள். "இதிலிருந்து நீ கற்றுக்கொள்ள வேண்டியது என்னவென்றால்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அவன் தானே கண்டுபிடித்ததுதான் அவனோடு தங்கும்.

கெட்ட படம் ஒன்றை அவன் பார்த்துக்கொண்டிருக்கக் கண்டால், நிறுத்தச் சொல்லுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் நிறுத்திய பின் பக்கத்தில் உட்காருங்கள். பெண் மக்களுக்கும் இதே முறைதான். உம்மாமார்கள் இதில் வாப்பாமார்களைவிடத் திறமைசாலிகள் என்பதை நான் ஒப்புக்கொள்ளுகிறேன். பேரன் பேத்தி உள்ள பெரியவர்களே! உங்களுக்கு வயதாகிவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உங்கள் கதை பிடிக்காது என்று ஒதுங்கிவிடாதீர்கள். அந்தப் பாயில் உங்களுக்குரிய இடம் இன்னும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கதை இருபுறமும் கூரான கத்தி. மகனுக்கு என்று எடுத்துப் போனால் நம் பக்கமும் திரும்பும். அதற்கு அஞ்சாதீர்கள். கதை சொல்லுகிறவனும் அந்தக் கதைக்கு முன்னால் தலை குனியத் தயாராக இருந்தால்தான், கேட்கிறவன் நிமிர்ந்து நல்வழியில் நடப்பான்.

யா அல்லாஹ்! எங்கள் மக்களின் செவிகளையும் பார்வைகளையும் உள்ளங்களையும் காத்தருள்வாயாக! அவர்கள் பொய்யைப் பொய்யென்று அறிந்து விலகவும், மெய்யை மெய்யென்று அறிந்து பின்பற்றவும் துணை செய்வாயாக! எங்கள் தவறுகளை அவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ளும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! அவர்கள் தங்கள் கனவுகளைக் கொண்டுவந்து சொல்லும் இடமாக எங்கள் வீடுகளை ஆக்கியருள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.